அம்மாச்சியின் சின்ன வயசைப் பிள்ளைகளுக்குக் கதையாக எழுதுவது எப்படி: கடற்கரைக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் பாம்பன் தீவில் ஞாயிறு பூசை முடிந்ததும் மறைக்கல்வி வகுப்பு நடக்கும். பதினேழு வருஷமாக நான் அங்கே டீச்சர். முதல் இரண்டு மூன்று வருஷம் அச்சடித்து வந்த கதைப் புத்தகங்களை வைத்து ஒப்பேற்றினேன். அந்தக் கதைகளில் பனி கொட்டும், ஆப்பிள் பழுக்கும், பாட்டி கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கம்பளி பின்னுவாள். பிள்ளைகள் என் முகத்துக்காகக் கேட்டார்கள். ஒரு ஞாயிறு புத்தகத்தை வீட்டில் மறந்துவிட்டுப் போனேன். வேறு வழியில்லாமல் எங்கள் அம்மாச்சியின் கதையைச் சொன்னேன். தனுஷ்கோடியில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, நண்டு கடித்து வீங்கிய விரலைப் பாவாடை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு பூசையில் நின்ற கதை. முடித்ததும் கடைசி வரிசையில் ஒருவன் எழுந்து, "எந்த விரல் டீச்சர்?" என்றான்.

எனக்குத் தெரியவில்லை. சாயந்திரம் போய் அம்மாச்சியிடம் கேட்டேன். வலது கை ஆள்காட்டி விரலாம். சிலுவை போடுகிற கை என்பதால்தான் மாட்டிக்கொண்டாராம்.

அந்த ஒரு விவரத்தில் ஊர் இருக்கிறது, வீடு இருக்கிறது, விசுவாசமும் இருக்கிறது. அதற்கு மேல் நான் ஒரு வார்த்தை சேர்க்க வேண்டியிருக்கவில்லை. அப்படிப்பட்ட விவரத்தை எப்படிக் கேட்டு வாங்குவது, எப்படிக் கதையாக்குவது, கடைசியில் எப்படிச் சின்னப் புத்தகமாக மடிப்பது என்று நான் தட்டுத்தடுமாறிக் கற்றதை வரிசையாக எழுதுகிறேன். நாங்கள் ஆர்.சி., அதாவது கத்தோலிக்கர்; சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஞாயிறு பள்ளி டீச்சர்களுக்கும் வீட்டில் கதை சொல்லும் அம்மாக்களுக்கும் வழி ஒன்றுதான், சொற்கள் மட்டும் கொஞ்சம் மாறும்.

முதல் படி: கை வேலையில் இருக்கும்போது கேளுங்கள்

எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து "உங்க சின்ன வயசு எப்படி இருந்துச்சு அம்மாச்சி?" என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்: "என்னத்தச் சொல்ல, கஷ்டம்தான்." அதோடு முடிந்தது. "கடவுள் உங்களுக்குச் செய்த பெரிய நன்மை என்ன?" என்று கேட்டால் அதைவிட மோசம். கூட்டத்தில் சாட்சி சொல்வதுபோல ஒரு பிரசங்கம் வரும், கதை வராது.

மீன் ஆயும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். ஓலைக் கொட்டான் முடையும்போது, கருவாடு புரட்டும்போது, முருங்கைக்கீரை உருவும்போது. கண் வேலையில் இருந்தால் வாய் தானாகத் திறக்கும். கேள்வி சின்னதாக இருக்கட்டும், கையால் தொடுகிற மாதிரி இருக்கட்டும். நான் கேட்டவற்றில் பலன் தந்தவை இவை: குடிக்கத் தண்ணி எங்கே எடுத்தீங்க? உங்கம்மாகிட்ட எதுக்காக அடி வாங்குனீங்க? திருடித் தின்ன பண்டம் என்ன? கோயில்ல எந்த இடத்துல நிப்பீங்க, பக்கத்துல யாரு? புதுநன்மைக்கு (முதல் தடவை நற்கருணை வாங்குற அன்னிக்கு) என்ன உடுப்பு, யாரு தைச்சது? ராத்திரி எதைக் கண்டு பயம்?

அடி வாங்கிய கேள்விக்குத்தான் அதிகம் கதை கிடைத்தது. ஏன் என்று மூன்றாம் படியில் சொல்கிறேன்.

போனில் பதிவு செய்யுங்கள். ஏரோப்ளேன் மோடில் போட்டுவிடுங்கள்; இல்லையென்றால் நல்ல இடத்தில் துபாயிலிருந்து மாமா கூப்பிடுவார். திண்ணையில் உட்கார்ந்தால் காற்று இரைச்சல் பேச்சைத் தின்றுவிடும். காற்றுக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, போன்மேல் ஒரு மெல்லிய கைக்குட்டையைப் போட்டால் ஓரளவு கேட்கும். அரை மணி நேரம் போதும். அதே சம்பவத்தை வேறு வேறு நாளில் மூன்று முறை கேளுங்கள். மூன்று முறையும் மாறாமல் வருவது எலும்பு. ஒவ்வொரு முறையும் புதிதாக வருவது சதை. இரண்டும் வேண்டும்.

கேட்டதை அவர் சொன்ன வாய்மொழியிலேயே எழுதிவையுங்கள், திருத்தாதீர்கள். என் நோட்டில் இருக்கிற ஒரு பகுதி:

"ஊத்துல மண்ண அள்ளிப் போட்டேன்ல, அதெல்லாம் ஒரு கதையா? தண்ணி தெளியற வரைக்கும் ரெண்டு பேரும் உக்காந்திருந்தோம். அவ மூக்க உறிஞ்சிக்கிட்டே இருந்தா. அப்புறம் ஏழாங்கல் ஆடுனோம். வீட்டுக்கு வந்தா எங்கம்மா வெளக்கமாத்த எடுத்துக்கிட்டு நிக்கிது."

"அதெல்லாம் ஒரு கதையா" என்று அவர் தள்ளிவிட்டதுதான் எங்கள் வகுப்பில் அதிகம் கேட்கப்படும் கதை. முழுக் கதையையும் கீழே தருகிறேன்.

இரண்டாம் படி: எந்தக் காலம் என்று நிலைநிறுத்துங்கள்

அம்மாச்சிமாருக்கு வருஷம் தெரியாது. ஆனால் எங்கள் பக்கம் ஒரு வசதி உண்டு. "புயலுக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்று கேட்டால் போதும். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியை அழித்த புயல். அதற்கு முன்னால் என்றால் தனுஷ்கோடியில் ஸ்டேஷன் இருந்தது, போட் மெயில் ரயிலில் வந்து இறங்கியவர்கள் கப்பல் ஏறித் தலைமன்னார் போனார்கள், பிள்ளைகள் அவர்களுடைய பெட்டிகளை வேடிக்கை பார்த்தார்கள். பின்னால் என்றால் அந்த ஊரே இல்லை. அரசாங்கம் குடியிருக்கத் தகுதியில்லாத இடம் என்று அறிவித்துவிட்டது.

இன்னும் சில கொக்கிகள் வைத்துக்கொள்ளுங்கள். 1957 ஏப்ரலுக்கு முன் ரூபாய்க்கு 16 அணா. அதன் பிறகுதான் 100 நயா பைசா. சட்டம் மாறினாலும் ஜனங்கள் 25 பைசாவை நாலணா என்றே சொல்லிவந்தார்கள், கதையிலும் அப்படியே இருக்கலாம். 1988-இல் ரோட்டுப் பாலம் திறக்கும் வரை பாம்பன் தீவுக்கு பஸ் கிடையாது. ரயில், இல்லாவிட்டால் படகு. பழைய பாம்பன் ரயில் பாலம் 1914-இல் திறந்தது; 2025-இல் அதற்குப் பதில் புதுப் பாலம் வந்துவிட்டது. பழைய பாலம் புயலில் சேதமானதை 46 நாளில் சரி செய்தார்கள். உங்கள் கதையில் 1970-இல் அம்மாச்சி பஸ்ஸில் ராமநாதபுரம் போனால் ஏதோ ஒரு தாத்தா எழுந்து உங்களைப் பிடித்துக்கொள்வார்.

பூசையும் அப்படித்தான். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகுதான் தமிழில் பூசை வந்தது. அதற்கு முன் லத்தீன். சாமியார் பீடத்தைப் பார்த்து நிற்பார், ஜனங்களுக்கு முதுகுதான் தெரியும். ஒன்றும் புரியாத பூசையில் ஒரு எட்டு வயசுப் பிள்ளை என்ன செய்யும்? எங்கள் அம்மாச்சி "தோமினுஸ் வோபிஸ்கும்" என்பதை யாரோ ஒரு தோமினிக்கைக் கூப்பிடுகிறார்கள் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தாராம். இப்படி ஒன்று கிடைத்தால் விடாதீர்கள்.

கடலையும் காலத்தோடு பொருத்துங்கள். எங்களுக்கு இரண்டு கடல். வாடைக் காலத்தில், அதாவது ஐப்பசி முதல் தை வரை, வடகடல் கொந்தளிக்கும். கோடையில் தென்கடல் பொங்கும். மார்கழியில் தென்கடல் கொந்தளித்து வடகடல் குளம்போல் கிடந்ததாக எழுதினால் படகுக்காரர் வீட்டுப் பிள்ளை சிரித்துவிடும். நுங்கு சித்திரை வைகாசியில், பனம்பழம் ஆவணி புரட்டாசியில், பனங்கிழங்கு தையில். கிறிஸ்துமஸ் கதையில் நுங்கு வேண்டாம்.

மூன்றாம் படி: அம்மாச்சி செய்த தப்பைத் தேடுங்கள்

இந்த வழிகாட்டியில் நான் பிடிவாதமாக நிற்கும் இடம் இது. நல்ல கதை என்றால் அதில் நல்ல பிள்ளை இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். கீழ்ப்படிகிற, பகிர்ந்துகொள்கிற, அதிகாலையில் எழுந்து ஜெபிக்கிற சின்ன அம்மாச்சி. அந்த அம்மாச்சியைப் பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள். வீட்டில் இருக்கிற அம்மாச்சி பேத்தியின் மிட்டாயைப் பிடுங்கித் தின்பவர் என்று அவர்களுக்குத் தெரியும்.

தப்பு சின்னதாக இருக்க வேண்டும், அவர் கையால் செய்ததாக இருக்க வேண்டும், அதன் விளைவு அன்றைக்கே தெரிய வேண்டும். அந்தோணியாருக்கு மெழுகுதிரி வாங்கக் கொடுத்த காசில் சவ்வு மிட்டாய் வாங்கியது. ஓரியூரிலிருந்து வீட்டுக்கு எடுத்துவந்த சிவப்பு மண்ணை வழியில் கொட்டிவிட்டு, அதற்குப் பதில் செங்கல்லை நுணுக்கி முடிந்து கொடுத்தது. (இது என் அம்மாச்சி இல்லை, இன்னொருவர் சொன்னது. எழுத அனுமதி தந்தார், பேர் போடக் கூடாது என்றார்.) ஒரு கதைக்கு ஒரு நாள், ஒரு தப்பு. இரண்டு சம்பவத்தைச் சேர்த்து முடைந்தால் இரண்டும் கெடும்.

ஓரியூரைத் தொட்டதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ சாமியார்) 1693 பிப்ரவரி 4 அன்று அங்கே கொல்லப்பட்டார், அவர் ரத்தம் பட்டுத்தான் அந்த மண் சிவந்தது என்பார்கள்; 1947-இல் புனிதர் பட்டம் பெற்றார். நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் தெரிய வேண்டியவர். ஆனால் ஆறு வயசுப் பிள்ளைக்கு அரிவாளிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். மண் ஏன் சிவப்பு என்று சின்ன அம்மாச்சி கேட்கட்டும், அவருடைய அப்பா நடந்துகொண்டே பதில் சொல்லட்டும். மீதியைப் பத்து வயசுக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். 1549-இல் வேதாளையில் உயிர்விட்ட அந்தோணி கிரிமினாலி சாமியார் கதையும் அந்த வயசுக்குத்தான்.

நான்காம் படி: கடவுளை எங்கே வைப்பது

இதில் நான் பட்ட பாட்டைச் சொல்லியாக வேண்டும்.

ஒரு வருஷம் அம்மாச்சியின் இன்னொரு சம்பவத்தைக் கதையாக எழுதினேன். அவருடைய அப்பா வத்தையில் கடலுக்குப் போனவர், காற்று திரும்பி ராத்திரி கரைக்கு வரவில்லை. வீட்டில் எல்லோரும் முழங்காலில் நின்று விடிய விடிய ஜெபமாலை சொன்னார்கள். விடிந்ததும் தூரத்தில் பாய் தெரிந்தது. எழுதிய எனக்கே கண்ணீர் வந்தது. வகுப்பில் நன்றாக ஏற்ற இறக்கத்தோடு படித்தேன். முடித்ததும் இரண்டாவது வரிசையில் ஒரு பெண் பிள்ளை சொன்னாள்: "நாங்களும் சொன்னோம் டீச்சர். முப்பது நாள் சொன்னோம்."

அவளுடைய அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவர். எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதும்போது அவள் என் நினைவில் வரவில்லை. வாயில் பதில் இல்லை. மணி அடித்தது, பிள்ளைகள் எழுந்து போய்விட்டார்கள்.

நம் கரையில் எந்த வகுப்பை எடுத்தாலும் அப்படி ஒரு பிள்ளை இருக்கும். கடலில் போனவர் வீடு, இலங்கைச் சிறையில் இருப்பவர் வீடு. "ஜெபித்தாள், அதனால் அப்பா வந்தார்" என்று எழுதினால் அந்தப் பிள்ளைக்கு அதன் மறுபக்கம்தான் கேட்கும்: உன் ஜெபம் போதவில்லை. தப்பு செய்ததால் கடவுள் புயலை அனுப்பினார் என்பது அதைவிடக் கொடுமை. இரண்டையும் எழுதாதீர்கள்.

அந்தக் கதையை எடுத்துக்கொண்டு மறுபடி அம்மாச்சியிடம் போனேன். "அப்பா வந்தது உங்களுக்கு எப்படி ஞாபகம் இருக்கு?" என்று கேட்டேன். யோசித்துவிட்டுச் சொன்னார்: "அது ஞாபகம் இல்லத்தா. பக்கத்து வீட்டு அத்த கஞ்சி கொண்டாந்துச்சு. அதுல கருவாடு கிடந்துச்சு. எங்க வீட்டுல யாரும் தூங்காததால அதுவும் தூங்கல, எங்ககூடவே உக்காந்திருந்துச்சு." கதையை அங்கே கொண்டுபோய் முடித்தேன். பாய் தெரிவதற்கு முன்னாலேயே, இருட்டில், கஞ்சிக் கலயத்தைச் சுற்றி. அடுத்த வருஷம் அதைப் படித்தபோது அந்தப் பெண் பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குப் போகும்போது, எங்க வீட்டுக்கும் ஒரு அத்தை வந்து இருந்துச்சு டீச்சர் என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

ஆகவே நான் வைத்துக்கொண்ட வழக்கம்: கடவுளைக் கதையின் பலனில் வைப்பதில்லை, வீட்டு நடப்பில் வைக்கிறேன். விளக்கு வைத்ததும் ஜெபம். கடலுக்கு இறங்கும்முன் படகின் முன்முனையான அணியத்தைத் தொட்டு நெற்றியில் போடும் சிலுவை. வழியோரச் சிலுவை நிற்கும் குருசடியைத் தாண்டும்போது தானாக நிற்கும் கால். குருத்தோலை ஞாயிறன்று ஓலையில் மடித்த சிலுவையை வீட்டுக் கூரை இறவாணத்தில் செருகி, அடுத்த வருஷம் வரை அது காய்ந்து பழுப்பாகிக் கிடப்பது. இவையே போதும். கதையின் கடைசி வரியில் வசனம் போட்டால் பிள்ளைகள் புத்தகத்தை மூடும் நேரம் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வார்கள். வசனம் காதில் ஏறாது.

ஐந்தாம் படி: வேதாகமக் கதையோடு இணை சேர்ப்பது

வசனம் கதைக்குள் வேண்டாம் என்றேன், வகுப்பில் வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மாச்சி கதையை ஒரு வாரம், அதற்கு இணையான வேதாகமக் கதையை மறுவாரம் சொல்லுங்கள். இரண்டையும் இணைக்கிற வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.

கடற்கரைக்காரர்களுக்கு இதில் கொடுப்பினை அதிகம். வலையை இழுத்துக் கரையில் உட்கார்ந்து நல்லதைக் கூடையிலும் ஆகாததை வெளியிலும் போடுவது மத்தேயு 13-இல் வருகிறது. நம் பிள்ளைகளுக்குச் சங்காயம், அதாவது கழிவு மீன், பிரிப்பது தெரியும், விளக்கவே வேண்டாம். ராத்திரி முழுக்க ஒன்றும் படாமல் வலையை அலசிக்கொண்டிருந்த பேதுரு லூக்கா 5-இல். மாற்கு 4-இல் புயலில் இயேசு படகின் பின்பக்கம் தலையணை வைத்துத் தூங்குகிறார், அந்தத் தலையணையைப் பிள்ளைகளுக்கு மறக்காமல் சொல்லுங்கள். யோவான் 21-இல் உயிர்த்தவர் கரையில் கரி நெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்துக்கொண்டு "வாங்க, சாப்பிடுங்க" என்கிறார். அந்த வலையில் 153 பெரிய மீன். எண்ணிப் பார்த்திருக்கிறார்கள், மீன்காரர்கள் அல்லவா.

ஊத்துக் கதைக்கு நான் சேர்த்தது ஆதியாகமம் 26. ஈசாக்கின் அப்பா காலத்துக் கிணறுகளைப் பெலிஸ்தியர் மண் போட்டுத் தூர்த்துவிடுகிறார்கள். புதிதாகத் தோண்டினால் சண்டைக்கு வருகிறார்கள். ஈசாக்கு விட்டுவிட்டு நகர்ந்துபோய் வேறு தோண்டுகிறார், அதற்கும் சண்டை, மறுபடி நகர்கிறார். ஞாயிறு வகுப்புகளில் அபூர்வமாகத்தான் இது சொல்லப்படுகிறது. மணலில் தண்ணி தேடுகிற ஊரில் இதைவிடப் பொருத்தமான கதை எது?

ஒரே ஒரு எச்சரிக்கை. மணல்மேல் வீடு கட்டின புத்தியில்லாதவன் உவமையைப் புயல் கதைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். தனுஷ்கோடியில் எல்லார் வீடும் மணலில்தான் இருந்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலையே கடல் கொண்டுபோன ராத்திரி அது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள், ஒருவரும் மிஞ்சவில்லை. அவர்களைப் புத்தியில்லாதவர்கள் என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்ல யாருக்கு மனசு வரும்? புயலை எழுதத்தான் வேண்டும் என்றால் எட்டு வயசுக்கு மேல் எழுதுங்கள், பிள்ளை நின்ற இடத்திலிருந்து எழுதுங்கள்: நனைந்த பாய், அணைந்த சிமினி விளக்கு, மூன்றே நாளில் வந்த கிறிஸ்துமஸ்.

ஆறாம் படி: சொற்கள்

கதையை நடத்தும் வரிகள் எளிய எழுத்துத் தமிழில், பேச்சு மட்டும் ஊர்ப் பேச்சில். சின்ன வயசு அம்மாச்சியை "அவள்" என்றும், இன்றைய அம்மாச்சியை "சொன்னார்" என்றும் எழுதுங்கள். இந்த ஒரு வேற்றுமையிலேயே காலம் மாறுவது பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிடும், தனியே விளக்க வேண்டாம்.

பழைய கோயில் சொற்களைத் தூக்கி எறியாதீர்கள். நாம் இப்போது வானதூதர், திருப்பலி, ஒப்புரவு என்கிறோம். அம்மாச்சி வாயில் சம்மனசு, பூசை, பாவசங்கீர்த்தனம். இயேசுகூட சேசுதான். "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க" என்று அவர் சொன்ன ஜெபத்தை இப்போதைய வடிவத்துக்கு மாற்றினால் குரல் போய்விடும். சி.எஸ்.ஐ. வீடுகளில் இதே இடத்தில் தேவதூதன், ஆராதனை, ஐயர் என்று அழைக்கும் போதகர், உபதேசியார் வருவார்கள். உங்கள் அம்மாச்சி எந்தக் கோயிலோ அந்தச் சொல். புரியாத சொல்லைப் பக்கத்துச் செயலால் புரியவையுங்கள். அடைப்புக்குறிக்குள் அர்த்தம் போட்டால் பாடப்புத்தகம் ஆகிவிடும்.

அக்கம்பக்கத்தை மறக்க வேண்டாம். நம் மாவட்டத்தில் கிறிஸ்தவர்கள் மட்டும் வாழும் தெருவில் ஒரு குழந்தைப் பருவம் நடந்திருக்கவே முடியாது. நோன்புக் கஞ்சி வாங்கத் தூக்குவாளியோடு வரிசையில் நின்றது, ராமேஸ்வரம் கோயில் தேர் பார்த்தது எல்லாம் அம்மாச்சிமார் கதையில் வரும். வந்தபடி எழுதுங்கள். வேறு மதத்துப் பிள்ளையைத் திருத்தப்பட வேண்டிய பிள்ளையாக எழுதுவது மட்டும் கூடாது. கச்சத்தீவு அந்தோணியார் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள்: நம்புதாளையைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாச்சி கட்டியது என்று சொல்வார்கள். திருவிழாவுக்கு இக்கரை ஜனமும் அக்கரை ஜனமும் ஒரே மணலில் கஞ்சி காய்ச்சியதைப் பார்த்த அம்மாச்சி உங்கள் ஊரில் இருந்தால் உடனே போய் உட்காருங்கள்.

ஏழாம் படி: எழுதிப் பார்ப்பது

நாலு முதல் ஆறு வயசு வரை என்றால் முந்நூறு சொல் தாண்ட வேண்டாம். ஏழு முதல் பத்து வரை அறுநூறு வரை போகலாம். இது என் அனுபவக் கணக்கு. ஊத்துக் கதையின் முதல் வடிவம் ஆயிரம் சொல். அதில் கனவில் ஒரு சம்மனசு வந்து புத்தி சொன்னது. அதை எடுத்தேன். தண்ணீரின் அருமை பற்றி ஒரு பத்தி இருந்தது, அதையும். "அவள் மனம் வருந்தினாள்" என்று ஒரு வரி இருந்தது. அதற்குப் பதிலாக, ஜெபத்தில் அவள் சத்தம் நின்றுபோன இடத்தை எழுதினேன். மிஞ்சியது இது:

ஊத்து

அம்மாச்சிக்கு அப்போது எட்டு வயசு. வீட்டில் எல்லோரும் அவளைக் குட்டி என்று கூப்பிடுவார்கள்.

குட்டிக்குச் சொந்தமாக ஒரு ஊத்து இருந்தது. முந்தின நாள் சாயந்திரம் அவளே மணலைத் தோண்டி, நண்டு விழாமல் இருக்கப் பனை ஓலையால் மூடி வைத்தாள். ரொம்ப ஆழமாகத் தோண்டினால் தண்ணி உப்புக் கரிக்கும். கொஞ்சமாகத் தோண்டினால் விடியும்போது நல்ல தண்ணி ஊறியிருக்கும்.

அன்றைக்கு விடிந்தும் விடியாமலும் குடத்தையும் சிரட்டையையும் எடுத்துக்கொண்டு போனாள். ஓலை ஓரமாகக் கிடந்தது. மேலத்தெருப் பெண் ஒருத்தி குத்தவைத்து உட்கார்ந்து, செம்பில் மொண்டுகொண்டிருந்தாள்.

"ஏய், இது என் ஊத்து!"

"ஒன் பேரு எழுதிருக்கா?"

குட்டி இரண்டு கையாலும் மணலை அள்ளினாள். ஊத்துக்குள் போட்டாள்.

தண்ணி குழம்பிப்போனது. மேலத்தெருப் பெண்ணின் செம்பில் பாதிதான் இருந்தது. குட்டியின் குடத்தில் ஒன்றுமே இல்லை.

இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். கலங்கின ஊத்து தெளியும் வரை யாரும் மொள்ள முடியாது. அந்தப் பெண் மூக்கை உறிஞ்சினாள். சர்ர். குட்டி கடலைப் பார்த்தாள். சர்ர்.

"அழுவுறியா?"

"சளி."

கொஞ்ச நேரம் கழித்துக் குட்டி ஏழு சோழி பொறுக்கினாள். "ஏழாங்கல் ஆடத் தெரியுமா?"

"ஒன்னவிட நல்லா."

தெரிந்துதான் இருந்தது. மூன்று ஆட்டத்திலும் குட்டி தோற்றாள்.

வெயில் ஏறியபோது ஊத்தின் அடியில் மணல் தெரிந்தது. குட்டி முதல் சிரட்டையை அந்தப் பெண்ணின் செம்பில் ஊற்றினாள். அடுத்ததைத் தன் குடத்தில். அப்படியே மாறி மாறி. செம்பு சின்னது, சீக்கிரம் நிறைந்தது. ஆனாலும் அந்தப் பெண் போகவில்லை. குடம் நிறையும் வரை இருந்து, குட்டியின் இடுப்பில் தூக்கி வைத்துவிட்டுத்தான் போனாள்.

வாசலில் அம்மா விளக்குமாற்றோடு நின்றார்.

"ஏண்டி இவ்வளவு நேரம்?"

"ஊத்து கலங்கிருச்சும்மா."

"யாரு கலக்குனா?"

குட்டி விளக்குமாற்றைப் பார்த்தாள்.

"நான்தான்."

ராத்திரி விளக்கு வைத்து ஜெபம் சொன்னார்கள். "எங்களுக்குத் தீமை செய்தவர்களை நாங்கள் பொறுப்பதுபோல" என்ற இடம் வந்தபோது குட்டியின் சத்தம் மட்டும் கேட்கவில்லை. அம்மா நிறுத்தினார். காத்திருந்தார். குட்டி சொன்ன பிறகு அடுத்த வரிக்குப் போனார்.

மறுநாள் காலையில் ஊத்தின்மேல் இரண்டு ஓலை கிடந்தது.

எட்டாம் படி: படித்துக்காட்டி, அச்சடித்து

முதலில் அம்மாச்சிக்குப் படித்துக்காட்டுங்கள். அவர் வேண்டாம் என்று சொல்வதை அப்படியே எடுத்துவிடுங்கள், வாதாட வேண்டாம். கதையில் வரும் மற்றவர்களின் பேரை மாற்றுங்கள் அல்லது பேரில்லாமல் விடுங்கள். சின்ன ஊர், யார் மேலத்தெருப் பெண் என்று கண்டுபிடித்துவிடுவார்கள். எங்கள் கதையின் மேலத்தெருப் பெண் இப்போது பேத்திகளோடு நன்றாக இருக்கிறார், பிள்ளைகள் கேட்டால் அதைச் சொல்கிறேன். மணல் போட்டதற்கு முன்னால் அம்மாச்சி தன் தலைமுடியையும் பிடித்து இழுத்தார், அதை ஏன் எழுதவில்லை என்று அவர் என்னிடம் கோபித்துக்கொண்டார்.

பிறகு ஐந்தாறு பிள்ளைகளுக்கு வாய்விட்டுப் படியுங்கள். எந்த வரியில் ஒருவன் செருப்பைப் பார்க்கிறானோ அந்த வரியைக் குறித்து வையுங்கள். எங்கே நீங்களே மூச்சு வாங்குகிறீர்களோ அங்கே வாக்கியம் நீளம்.

அச்சுக்குப் பெரிய செலவு வேண்டாம். நாலு ஏ4 தாளை இரண்டு பக்கமும் அச்சடித்து நடுவில் மடித்தால் பதினாறு பக்கம். மொத்தப் பக்கம் எப்போதும் நாலால் வகுபட வேண்டும், இல்லையென்றால் கடைசியில் வெற்றுத் தாள் நிற்கும். யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். சில டி.டி.பி. கடைகளில் பழைய எழுத்துருவுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிடும். அச்சுக்கு முன் ஒரு தாளை வாங்கி எழுத்துக்கூட்டிப் பாருங்கள். எழுத்து 16 புள்ளிக்குக் குறைய வேண்டாம். படத்துக்கு யாரையும் தேடி அலைய வேண்டாம், எட்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளையிடம் கறுப்புப் பேனாவைக் கொடுங்கள். ஜெராக்ஸில் கறுப்புக் கோடுதான் நிற்கும், பென்சில் நிழல் அழுக்காகிவிடும்.

கடைசிப் பக்கத்தை நாங்கள் வெறுமையாக விட்டு, மேலே ஒரு வரி மட்டும் போட்டோம்: "உங்கள் அம்மாச்சி தண்ணி எடுத்த இடம் எது? கேட்டு வரைந்து வாருங்கள்." நாற்பது புத்தகம் கொடுத்தோம். பாதிக்குமேல் படத்தோடு திரும்பி வந்தது. ஒருவன் தன் தெருவையே வரைந்திருந்தான். கோயில், குருசடி, ஐஸ் கம்பெனி எல்லாம் இருந்தது. ஊத்து என்று அம்புக்குறி போட்ட இடத்தில் ஒரு செல்போன் டவர் நின்றது. அதன் அடியில், ஒரு செம்பு.